அறுபத்தொண்ணாவது பேரு

தம்பி, சாப்பிட்டியா, கவிதா எப்படி இருக்கான்னெல்லாம் நான் கேக்கப் போறதில்ல. நேத்துதான் உங்க வீட்டுலேர்ந்து வந்தேன். ரெண்டு பேரையும் கண்ணால பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கீங்க. நேர்ல வந்தவ அங்கயே சொல்லாம இப்ப எதுக்கு எழுதறான்னு நினைப்ப. சொல்லத்தான் வந்தேன். உன் மூஞ்சிய பாத்ததும் வாய் வரல. போன்ல சொன்னா ‘சரிம்மா, சரிம்மா’ன்னு நாலு தடவ சொல்லிட்டு வச்சிடுவ, உங்கப்பாவும் அப்படித்தான். எழுதிக் குடுத்தா நீ கடைசி வரைக்கும் படிப்ப. ஒரு பேப்பரை கையில எடுத்தா பாதியில வைக்க உனக்கு வராது, சின்ன வயசுலேர்ந்தே அந்தப் புத்தி உண்டு. விஷயம் இதுதான். உன் வகுப்புல ஹரிணின்னு ஒரு பேரு இருக்குது. நாலாம் வகுப்பு. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து தெனம் காலையில நீ போனை எடுத்து அவளுக்கு வருகை போடுற. அவ ஒரு நாள்கூட அங்க வரல. எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஹரிணி யாருன்னு உனக்கு நான் சொல்லணும், ஏன்னா நீ அவளை பாத்ததே இல்ல. சிப்காட் பக்கம் நான் தலைமையாசிரியரா இருந்த பள்ளிக்கூடத்துல கடைசியா மிச்சம் இருந்த ஒரே புள்ள அவதான். போன வருஷம் பூரா அவ ஒரு பெஞ்சுல, நான் எதிர்ல ஒரு நாற்காலியில. பிரேயர்ல அவளே உறுதிமொழிய சொல்லுவா, அவளே திருப்பியும் சொல்லுவா. விளையாட்டு பீரியடுல என்னை துரத்தச் சொல்லுவா. இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் எங்கத்த ஓடறது! நான் நடந்து துரத்துவேன், அவ எனக்காக மெதுவா ஓடுவா. ரிசல்ட்டு வந்தப்ப ‘டீச்சர், நான்தான் பஸ்ட்டு’ன்னா. ஆமாடி, நீதான் பஸ்ட்டு, நீதான் கடைசின்னேன். அதுக்கும் சிரிச்சா. நான் ரிட்டையர் ஆன அன்னைக்கே பள்ளிக்கூடத்தையும் பூட்டிட்டாங்க. ஒரு புள்ளைக்கு இன்னொரு டீச்சரை யாரு போடுவாங்க, அது நியாயம்தான். சாவிய ஆபீசுல குடுத்துட்டு பஸ் ஏறுனேன். கூட வந்த சத்துணவு ஆயா தேம்பித் தேம்பி அழுதாங்க. நான் தண்ணி பாட்டிலை எடுத்து அவுங்ககிட்ட நீட்டுனேன். எனக்கு ஒண்ணுமே தோணல தம்பி. உங்கப்பா போனப்பவும் அப்படித்தான் இருந்துது, ஊரே கூடி அழுவுது, நான் பால் அடுப்புல இருக்குதேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதுலேர்ந்து எதுவும் உறைக்கறதில்ல. நல்லதும் உறைக்கல, கெட்டதும் உறைக்கல. இதை எழுதும்போதும் கோவத்துல எழுதறேன்னு நினைச்சிக்காத. கோவம் வந்தா தேவலாம்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி காலியாச்சுன்னு நீயும் பாத்தவன்தான். நாலு தெரு உள்ள ஊரு. அதுல புள்ளைங்க போற பள்ளிக்கூடம் எத்தன வகைன்னு எண்ணிப் பாத்தியா? நம்ம ஒன்றியப் பள்ளி ஒண்ணு, டவுன்ல அரசுப் பள்ளி ஒண்ணு, சர்ச்சுக்காரங்க நடத்தற உதவி பெறும் பள்ளி ஒண்ணு, மெட்ரிக் ஒண்ணு, சிபிஎஸ்இ ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் வேற பாடம், வேற சட்டை, வேற மேலதிகாரி. எல்லாம் சேந்து ஒரே நாட்டோட கல்விதான்னு மேடையில சொல்லுவாங்க. காலையில ஏழரை மணிக்கு ரோட்டு முனையில போயி நின்னா தெரியும், அடுத்தடுத்த வீட்டுப் புள்ளைங்க ஆளுக்கொரு வேன்ல ஏறி ஆளுக்கொரு பக்கம் போவும். சாயங்காலம் ஒண்ணா விளையாடறதுக்குக்கூட ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாட்டு தெரியாது. நம்ம பள்ளிக்கூடத்தை எடுத்துக்க. கட்டடம் ஒன்றியத்துது, சம்பளம் கல்வித்துறை, சோறு சமூக நலத்துறை, பக்கத்து அங்கன்வாடிக்கு அதுக்குன்னு தனியா ஒரு ஆபீசு. மழையில மேல ஒழுவுதுன்னு எழுதிப் போட்டா இவுங்க அவுங்களை காட்டுவாங்க, அவுங்க இவுங்களை காட்டுவாங்க, நானும் ஆயாவும் பக்கெட்டை மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு இருப்போம். இந்த லட்சணத்துல வேன் வந்து வாசல்ல ஹாரன் அடிச்சா எந்தத் தாய்தான் ஏத்திவிட மாட்டா? நான் யாரையும் குத்தம் சொல்லல. வேனுக்குக் கட்ட முடியாதவங்க மட்டும் நம்மகிட்ட மிச்சமானாங்க. கடைசியா மிச்சமானது ஹரிணி.

பூட்டுறப்ப அவ பேரை உன் பள்ளிக்கூடத்தோட சேத்து ஆபீசுலேர்ந்தே அனுப்பிட்டாங்க. கம்ப்யூட்டர்ல அவ நம்பர் அங்க போயிடுச்சி. ஆனா அதே மே மாசம் அவ அப்பாவுக்கு கம்பெனியில கான்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு. வாடகை வீட்டை காலி பண்ணிக்கிட்டு செல்வி புருஷனையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. செல்வின்னா ஹரிணியோட அம்மா. சிதம்பரத்துலேர்ந்து பிச்சாவரம் போற ரோட்டுல உள்ள தள்ளி ஒரு ஊரு. அங்கயும் ஒன்றியப் பள்ளி இருக்குது, கூப்பிடு தூரம்தான். சேத்துட வேண்டியதுதானேன்னு நினைப்ப. அங்கதான் சிக்குனது. போன வாரம் செல்வி எனக்கு போன் பண்ணா. நான் அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தேன். ‘டீச்சர், பாப்பாவ இங்க சேத்துக்க மாட்டேன்றாங்க டீச்சர். நம்பர் போட்டா கடலூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல படிக்குதுன்னு காட்டுதாம். டெய்லி வருதுன்னு காட்டுதாம். எம்புள்ள எங்கூட வூட்டுல இருக்குது, அது எப்படி டீச்சர் அங்க போவும்’னு கேட்டா. நான் சரி பாக்கறேன்னு வச்சிட்டு அரிசிய உலையில போட்டேன். அப்பறம்தான் அது எந்தப் பள்ளிக்கூடம், யாரு வகுப்புன்னு மண்டையில ஏறுச்சி.

அந்த நம்பர் விஷயம் உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. இந்த நாட்டுல பள்ளிக்கூடம் போற ஒவ்வொரு புள்ளைக்கும் இப்ப ஒரு நம்பர். நல்ல ஏற்பாடுதான், நானே கைதட்டுனவதான். ஒரு நம்பர் ஒரு நேரத்துல ஒரு பள்ளிக்கூடத்துலதான் இருக்க முடியும். பழைய பள்ளிக்கூடம் ‘போகட்டும்’னு விட்டாத்தான் புதுப் பள்ளிக்கூடம் எடுத்துக்க முடியும். சட்டத்தைக் கேட்டா எந்தப் புள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த ஊரு எச்.எம்.மும் நல்ல மனுஷன்தான், ஒரு வாரம் வகுப்புல உக்கார வச்சிருக்காரு. ஆனா நம்பர் இல்லாத புள்ளைக்கு புத்தகம் வராது, சட்டை வராது, காலையில போடற உப்புமாவுக்குக்கூட கணக்குல வராது. யாரோ ஆபீசர் வர்றாங்கன்னு சேதி வந்ததும், ‘கடலூர்ல விடுவிச்சிட்டு வாங்கம்மா, அப்பறம் சேத்துக்கறேன்’னு சொல்லி அனுப்பிட்டாரு. அவரு வேற என்னா பண்ணுவாரு? ஒரே புள்ள ரெண்டு எடத்துல இருந்தா நாளைக்கு கேள்வி அவருக்குத்தான் வரும்.

உங்க எச்.எம். ஸ்டெல்லா டீச்சருக்கு போன் போட்டேன். அவுங்களும் நானும் ஒரே பேட்ச்சு, ஒளிவு மறைவு கிடையாது. முதல்ல சர்வர் சரியில்லன்னாங்க. ஏன் டீச்சர் என்கிட்டயே சர்வர் கதை சொல்றீங்கன்னேன். அப்பறம் சொன்னாங்க, ‘உங்க புள்ளைக்காகத்தான் டீச்சர் பிடிச்சி வச்சிருக்கேன். ஹரிணியோட சேத்து அறுபத்தொண்ணு. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தலையை எண்ணிட்டா முடிஞ்சிது, அதுக்கு மறுநாளே விட்டுடறேன். தம்பிகிட்டயும் கேட்டேன், அது வரைக்கும் இருக்கட்டும் டீச்சர்னு தம்பியே சொல்லிச்சி’ன்னு. நான் தேங்ஸ் டீச்சர்னு சொல்லி வச்சிட்டேன். பாரு, தேங்ஸ் வேற சொல்லியிருக்கேன்.

அறுபது புள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர். அறுபத்தொண்ணு ஆனாத்தான் மூணாவது டீச்சர். அந்த மூணாவது நீ. சேந்தவங்கள்ல கடைசி நீ, அதனால ஒரு தலை குறைஞ்சா உபரின்னு எழுதி உன்னைத்தான் தூக்குவாங்க. தூக்கி எங்க போடுவாங்கன்னும் தெரியும், மேற்க திட்டக்குடி பக்கம்தான் எடம் காலியா கிடக்குது, யாரும் கேட்டு வாங்கிக்கிட்டு போறதில்ல. கவிதாவுக்கு வேலை சிதம்பரத்துல. திருவந்திபுரத்துல மலை மேல உன்னை தாலி கட்ட வச்சி இன்னும் முழுசா ஆறு மாசம் ஆகல. அன்னைக்கு மட்டும் மேல எத்தன கல்யாணம், எந்த மாலை எந்த மாப்பிள்ளைக்குன்னு தெரியாம உங்க மாமனார் வேற ஒருத்தன் கழுத்துல போடப் போனாரே, அதுக்கு கவிதா சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அந்தப் பொண்ணை நீ ஒரு பக்கம் விட்டுட்டு ஒரு பக்கம் போய் இருக்கணும்னா எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்? நீ ஏன் ஒத்துக்கிட்டன்னு எனக்கு புரியாம இல்ல.

அதுவும் நீ இந்த வேலைக்கு பட்ட பாடு. டிரெய்னிங் முடிச்சி எம்ப்ளாய்மென்ட் ஆபீசுல பதிஞ்சா போதும், வரிசை வரும்னாங்க. பதிஞ்ச. அப்பறம் வரிசையெல்லாம் கிடையாது, தகுதித் தேர்வுன்னாங்க. எழுதி பாஸ் பண்ண. அப்பறம் பன்னெண்டாவது மார்க்கையும் சேத்து வெயிட்டேஜுன்னாங்க. அதுக்கு ஒரு தடவ அழுத. அப்பறம் வெயிட்டேஜும் இல்ல, இன்னொரு போட்டித் தேர்வுன்னாங்க. நீ ஓடி முடிக்கறப்பெல்லாம் கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க. நடுவுல அந்த நர்சரி ஸ்கூல்ல வேலை பாத்த, காலையில வேன்ல ஏறிப் போயி வீடு வீடா புள்ளைங்கள ஏத்திக்கிட்டு வருவ. என் பள்ளிக்கூடத்து புள்ளைங்களையே ரெண்டு பேரை நீ ஏத்திக்கிட்டு போன, ஞாபகம் இருக்குதா? ஜன்னல் வழியா பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிட்ட. நான் சிரிச்சிட்டேன். ஆத்தா ஒரு கம்பெனி, மவன் எதிர் கம்பெனின்னு உங்கப்பா கிண்டல் பண்ணாரு. தலையில முடி கொட்டுனதுக்கு அப்பறம்தான் உனக்கு அரசாங்க ஆர்டர் கைக்கு வந்துது. அதை கொண்டாந்து உங்கப்பா போட்டோ முன்னாடி வச்ச. அப்படி கிடைச்ச எடத்தை விட்டுட்டு போன்னு சொல்ல எனக்கு வாய் கூசுது. ஆனா சொல்றேன்.

உன்னை ஆறாவதுல சேக்கறப்ப நடந்தது ஒண்ணு சொல்லணும், உனக்கு பாதிதான் தெரியும். அஞ்சாவது வரைக்கும் ஒரு ஆபீசு, ஆறாவதுலேர்ந்து வேற ஆபீசு, நம்ம ஏற்பாடு அப்ப அப்படி. நடுவுல ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி, தாண்டிட்டா ஒண்ணும் இல்ல, சில புள்ளைங்க அதுல விழுந்துடும். உன் டி.சி.யில பொறந்த தேதியும் பொறப்பு சர்டிபிகேட்டுல இருந்த தேதியும் ஒத்துப் போவல. இங்க திருத்த அங்க கடுதாசி வேணும்னாங்க, அங்க போனா இங்க கேளுங்கன்னாங்க. உன் வயசு பசங்க எல்லாம் புது பையை மாட்டிக்கிட்டு போறாங்க, நீ மஞ்சக்குப்பம் வீட்டு வாசப்படியில உக்காந்துக்கிட்டு ‘நான் பெயிலாம்மா?’ன்னு கேட்ட. இல்லடா, பேப்பர் வரலன்னேன். ‘பேப்பர் வரலன்னா பெயில்தானே’ன்ன. உங்கப்பா அதை கேட்டுட்டு டூட்டிக்கு லீவு போட்டாரு. கண்டக்டர் யூனிபார்மை மாட்டிக்கிட்டே ஆபீசு ஆபீசா ஏறுனாரு, காக்கிச்சட்டையை பாத்தா உள்ள விடுவாங்கன்னு அவருக்கு ஒரு நினைப்பு. கடைசியில ஒரு கிளார்க்கு மேசை முன்னாடி, ‘நீங்க கையெழுத்து போடற வரைக்கும் நான் இங்கயே டிக்கெட்டு கிழிக்கறேன் சார்’னு நின்னாராம். அந்த கிளார்க்கு சிரிச்சிட்டு போட்டுக் குடுத்தாராம். உனக்குன்னு லீவு போட ஒரு அப்பா இருந்தாரு. ஹரிணி அப்பா இப்ப கட்டட வேலைக்கு கேரளா போயிட்டாராம்.

நேத்து நான் வந்தது உங்களை பாக்கன்னு சொன்னேன் இல்ல, அது பாதிதான் உண்மை. மதியானமே சிதம்பரம் வந்துட்டேன். வழியில உன் பள்ளிக்கூடம் போற ரோடு வந்துது, இறங்கிடலாமான்னு பாத்தேன், பஸ்ஸு நிக்காம போயிடுச்சி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் தாண்டி ஸ்டாண்டுல இறங்கி, பிச்சாவரம் போற பஸ் பிடிச்சி, அந்த ஊரு முனையில இறங்கி நடந்தேன். பள்ளிக்கூடம் கண்ணுல பட்டுது. காம்பவுண்டு சுவருக்கு வெளிய நிழல்ல ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு, உள்ள மூணாவதோ நாலாவதோ சத்தமா வாய்ப்பாடு சொல்லுது, இவ வெளியிலேர்ந்து கூடவே சொல்றா. கிட்டப் போனதுக்கு அப்பறம்தான் ஹரிணின்னு தெரிஞ்சிது, உயரமாயிட்டா. போன வருஷத்து யூனிபார்ம் போட்டிருந்தா, கால் தெரியுது. செல்வி சொன்னா, வேற டிரஸ்ஸு போடமாட்டேங்குதாம், எந்த நேரம் கூப்புடுவாங்களோ தெரியாதுன்னு சொல்லி தெனம் அதையே தொவைச்சிப் போட்டுக்குதாம்.

என்னைப் பாத்ததும் ஓடி வந்தா, ஓடி வந்து ரெண்டடி தள்ளி நின்னுட்டா, ஒரு வருஷம் ஒரே ரூம்ல இருந்தும் என்னைத் தொட அவளுக்கு கூச்சம். அந்த ஊரு சாரு நம்பரை போட்டுப் பாத்தப்ப அவளும் பக்கத்துல நின்னுருக்கா. அவரு செல்விகிட்ட, உங்க பொண்ணு அங்க டெய்லி வருதுன்னு காட்டுதும்மான்னு சொன்னதை அப்படியே பிடிச்சிக்கிட்டா. ‘டீச்சர், கடலூர்ல என் பேர்ல இன்னொரு ஹரிணி இருக்காளாம் டீச்சர். அவ ஸ்கூலுக்கு போயிக்கிட்டு இருக்காளாம். அதனாலதான் என்னை இங்க சேக்க முடியலையாம்’னா. யாருடி சொன்னான்னு கேட்டேன். யாரும் சொல்லல, அவளா யோசிச்சி கண்டுபிடிச்சிருக்கா. நல்ல மூளை, அது எப்பவுமே உண்டு. கொஞ்ச நேரம் கால் கட்டைவிரலால மண்ணை கீறிக்கிட்டு நின்னுட்டு கேட்டா, ‘அவளுக்கு புக்கெல்லாம் குடுத்துட்டாங்களா டீச்சர்? அவ நல்லா படிக்கிறாளா?’ன்னு. பொறாமையா கேக்கல தம்பி. தெரிஞ்சிக்கத்தான் கேட்டா.

அங்கேர்ந்துதான் உங்க வீட்டுக்கு வந்தேன். கவிதா காபி போட்டுக் குடுத்தா, நெத்திலி குழம்பு வச்சிருந்தா, நல்லாவே வச்சிருந்தா, அவகிட்ட சொல்லு. நீ ஆறரை மணிக்கு வந்த. சட்டை எல்லாம் வேர்வை, பையை போட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்ட. ஆகஸ்ட் ஒண்ணு தாண்டட்டும்மா, அப்பறம் நிம்மதின்ன. நான் சாதத்தை பிசைஞ்சிக்கிட்டே, என் பள்ளிக்கூடத்து பொண்ணு ஒண்ணு உன் வகுப்புக்கு வந்திருக்குமே, ஹரிணி, வருதான்னு கேட்டேன். நீ தட்டைவிட்டு தலையைத் தூக்கல. ‘வருதும்மா. நல்லா படிக்குது’ன்ன.

அவ்வளவுதான். நான் சாப்பிட்டு முடிச்சேன், ரசம்கூட ரெண்டாந்தரம் வாங்குனேன். கடைசி பஸ்ஸுக்கு நீதான் வண்டியில கொண்டாந்து விட்ட. வழியெல்லாம் நீ என்னமோ பேசிக்கிட்டு வந்த, எனக்கு ஒண்ணும் காதுல விழல. இந்த வயசு வரைக்கும் நீ என்கிட்ட பொய் சொன்னது இல்லன்னு நான் சொல்லல, எந்தப் புள்ளதான் சொல்லல. ஆனா இவ்வளவு சாதாரணமா சொல்ல வரும்னு எனக்கு தெரியாது. எனக்கு வெக்கமா இருக்குது. மரத்துப் போன எடத்துல ஊசி குத்துனா லேசா ஒண்ணு தெரியுமே, அந்த அளவுக்கு தெரியுது.

நீ கெட்டவன்னு நான் நினைக்கல. இந்த ஏற்பாடே அப்படி இருக்குது. டெல்லியில ஒரு கொள்கை போடுவாங்க, சென்னையில அது அரசாணை ஆவும், கடலூர்ல சுற்றறிக்கை ஆவும், வட்டாரத்துல வாட்ஸ்அப் மெசேஜ் ஆவும், நம்மகிட்ட வந்து சேரும்போது ‘இன்னைக்கு நாலு மணிக்குள்ள’ன்னு மட்டும்தான் மிச்சம் இருக்கும். கீழேர்ந்து மேல போறது என்னா? எண்ணிக்கை மட்டும்தான். எத்தன பேரு வந்தாங்க, எத்தன பேரு சாப்பிட்டாங்க. யாரும் தப்பு பண்ணணும்னு பண்றதில்ல, அவுங்கவுங்க கட்டத்துல ஒரு நம்பர் சரியா இருந்தா போதும். ஸ்டெல்லா டீச்சர் கட்டத்துல அறுபத்தொண்ணு சரியா இருக்குது. வட்டாரத்துல பாத்தா பூட்டுன பள்ளிக்கூடத்து புள்ளை பத்திரமா அடுத்த பள்ளிக்கூடத்துக்கு போயிடுச்சின்னு சரியா இருக்குது. சென்னையில உக்காந்து பாக்கறவங்களுக்கு ஹரிணி ஒரு நாள் லீவு போடாத புள்ள. அவளைத் தேடி யாரு வருவாங்க? காணாம போன புள்ளைய தேடறதுக்கு ஆளு இருக்குது, கணக்கெடுப்பு இருக்குது, வீடு வீடா வர்றதுக்கு ஆளு போட்டிருக்காங்க. ஆனா அவ காணாம போகலையே. நீதான் தெனம் காலையில அவ வந்துட்டான்னு சொல்றியே. இத்தனை பெரிய ஏற்பாட்டுல, அவ அங்க இல்லன்னு சொல்லக்கூடிய ஒரே ஆளு வகுப்புல நிக்கற நீதான். வேற எவனுக்கும் அது தெரிய வழியே இல்ல.

ஆகஸ்ட் வரைக்கும்தானேன்னு சொல்லுவ. இருக்கலாம். அதுக்குள்ள ரெண்டு பாடம் போயிருக்கும், எட்டிப் பிடிச்சிடுவா, சுவருக்கு வெளியவே வாய்ப்பாடு பிடிக்கறவதானே. ஆனா செல்வி வேற ஒண்ணு சொன்னா. பக்கத்துல எறா உரிக்கற எடத்துல சின்னக் கையா இருந்தா சுறுசுறுப்பா உரிக்கும், சும்மாத்தானே நிக்குது அனுப்புன்னு கேக்கறாங்களாம். இவ இன்னும் அனுப்பல. ‘எத்தினி நாளு டீச்சர் நான் சாக்கு சொல்றது’ன்னா. ஒரு தடவ கையில நாலு காசு வந்துட்டா அப்பறம் அந்த வீட்டுல யாரு பள்ளிக்கூடத்தை நினைப்பாங்க, நீயும் நானும் எத்தன பேரை பாத்திருக்கோம்.

திட்டக்குடிக்கு ஆர்டர் வந்தா வாங்கிக்க. போ. அங்கயும் புள்ளைங்கதான் இருக்குது, டீச்சர் இல்லாம இருக்குது. வாரக் கடைசியில வந்து போ, விருத்தாசலம் வழியா பஸ் இருக்குது. தனியா சமைச்சி சாப்பிட கஷ்டமா இருந்தா நான் வர்றேன், எனக்கு இங்க என்னா வேலை, பூட்டுன வீட்டுக்கு காவலா? கவிதாகிட்ட முன்னாடியே சொல்லிடு, எதையும் மறைக்காத. அவ கோவப்படுவா, படட்டும். நீ ஒரு வார்த்தை சொன்னா ஸ்டெல்லா டீச்சர் அன்னைக்கே விட்டுடுவாங்க, உனக்காகத்தான் அவுங்க பிடிச்சி வச்சிருக்கறதே. நீ சொல்லலன்னா நானே போயி வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட சொல்லிடுவேன்னு எழுதலாம்னு பேனாவ வச்சேன். உண்மையச் சொல்றேன், போவேனான்னு எனக்குத் தெரியல. அந்த ஆபீசு வாசப்படியில ஏறி என் புள்ளை பேரைச் சொல்ல என் கால் வருமான்னு தெரியல. அதனால அந்த மிரட்டலெல்லாம் வேணாம். நீயா செய்.

இதை உங்கப்பாகூட டூட்டி பாத்த கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பறேன், சாயங்கால பஸ்ஸுல வர்றாரு, சிதம்பரம் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்க. இன்னைக்கு சனிக்கிழமை. உனக்கு நாளைக்கு ஒரு நாள் இருக்குது. ஏன் அவசரம்னா, நேத்து நான் அந்தப் பொண்ணு கேட்டதுக்கு பதில் சொல்லாம வரல. இப்படித்தான் சொன்னேன், ‘அந்த ஹரிணி அந்த பள்ளிக்கூடத்தை விட்டுப் போறாடி. திங்கக்கிழமையிலேர்ந்து வரமாட்டா, உனக்கு எடம் விட்டுட்டா’ன்னு. அவ அதுக்கு சந்தோஷப்படல. ‘பாவம் டீச்சர், அவ எங்க போவா?’ன்னு கேட்டா. திங்கக்கிழமை தலை பின்னி ஒன்பது மணிக்கு அந்த ஊரு பள்ளிக்கூடத்து வாசலுக்கு கூட்டிக்கிட்டு போன்னு செல்விகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். அவ வந்து நிப்பா, தம்பி.

அம்மா